இரண்டரை ஏக்கருக்கு அரசு பயிற்சி மாணவரை அனுப்புமா?

கே.வி.குப்பம் பக்கத்தில் இரண்டரை ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அரசு உதவித்தொகை கொடுத்து இளைஞர்களைப் பயிற்சிக்கு அனுப்புகிறது என்கிறார்கள். என் அப்பாவுக்கு 68 வயது. நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். கழனி வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு பயிற்சி மாணவரை எங்கள் நிலத்தில் வைத்துக்கொள்ள எங்கே விண்ணப்பிப்பது?" எழுத்தில் இது ஒரு கேள்விதான். உள்ளே இரண்டு இருக்கின்றன. சிறு விவசாயியின் நிலத்தில் ஒருவர் தங்கிப் பழக அரசு பணம் கொடுக்கிறதா என்பது ஒன்று. அப்படி வருகிறவர் அப்பாவின் வேலைப் பளுவை வாங்கிக்கொள்வாரா என்பது இன்னொன்று. மூன்றாவது ஒன்றை அவர் எழுதவில்லை. அப்பாவுக்குப் பிறகு அந்த நிலத்தைப் பற்றித் தெரிந்தவர் யார் இருப்பார் என்ற கவலை அவரை அரிக்கிறது என்று நினைக்கிறேன். என் பதிலில் பெரும்பகுதி அந்த மூன்றாவதற்குத்தான்.

நான் வேளாண்மைத் துறையில் 29 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அணைக்கட்டு, கணியம்பாடி, குடியாத்தம் என்று பழைய வடார்க்காட்டு வட்டாரங்களிலேயே பெரும்பாலும் இருந்தேன். கல்லூரி மாணவர்கள் கிராமத்தில் தங்கும் காலங்களில் அவர்களுக்கு வீடு பார்ப்பது, விவசாயிகளைப் பேசிச் சம்மதிக்க வைப்பது எல்லாம் என் வேலையாக இருந்தது. இப்போது ஒடுகத்தூர் பக்கம் எங்கள் மூன்று ஏக்கரைப் பார்த்துக்கொள்கிறேன். கீழே விதி என்று சொல்வதெல்லாம் விதி. அனுபவம் என்று சொல்வது என் கண்ணில் பட்டது மட்டுமே. இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விதி. நீங்கள் விண்ணப்பம் போட்டு, அரசு ஓர் இளைஞருக்குச் சம்பளம் கொடுத்து, அவரை உங்கள் இரண்டரை ஏக்கருக்கு அனுப்பி வைக்கும் திட்டம் எதையும் நான் பணியில் இருந்த காலத்தில் நடத்தியதில்லை. நீங்கள் செய்தியில் பார்த்தது அநேகமாகப் பிரதமரின் உள்ளிருப்புப் பயிற்சி (இன்டர்ன்ஷிப்) திட்டமாக இருக்கும். அது 2024 அக்டோபரில் தொடங்கியது. தொடங்கியபோது 21 முதல் 24 வயது வரையிலானவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய், அதில் 4,500 அரசு, 500 நிறுவனம், சேரும்போது ஒருமுறை 6,000 ரூபாய், காலம் ஓராண்டு. ஆனால் இடம் கொடுப்பவை நாட்டின் முதல் 500 பெரிய நிறுவனங்கள். வேளாண்மையும் அந்தப் பட்டியலில் ஒரு துறையாக வருகிறது. அது உர நிறுவனத்தின் அலுவலகமாகவோ உணவுப் பதப்படுத்தும் ஆலையாகவோ இருக்கும். உங்கள் அப்பாவின் கிணற்றடி அதில் வராது.

அடுத்தது தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) திட்டம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பழகுநரை அமர்த்தினால், 2016இல் வந்த தேசிய ஊக்குவிப்புத் திட்டப்படி உதவித்தொகையில் நான்கில் ஒரு பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், ஒன்றிய அரசு ஏற்கிறது. சிறு தொழில்களுக்கு உண்மையிலேயே பயன்படும் ஏற்பாடு இது. ஆனால் குறைந்தது நான்கு பேர் வேலை செய்யும் நிறுவனமாக இருந்தால்தான் பழகுநரை எடுக்க முடியும். அப்பாவும் அம்மாவும் நடவுக்கு மட்டும் வரும் ஆட்களும் சேர்ந்து ஒரு நிறுவனம் ஆகிவிட மாட்டார்கள். தமிழ்நாட்டில் ஒரு நில உடைமையின் சராசரிப் பரப்பு 2015-16 கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர், ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஏக்கர். உங்கள் இரண்டரை ஏக்கர் அதற்கும் மேலே நிற்கிறது. அதாவது நம் மாநிலத்தின் சாதாரண விவசாயி யாரும் இந்தச் சட்டத்தின் கதவுக்குள் நுழைய முடியாது. இது எனக்கு வெகுநாள் வருத்தம். பட்டறைக்கும் தொழிற்சாலைக்கும் பழகுநர் உண்டு. தொழிலாகவே நாம் சொல்லிக்கொள்ளும் உழவுக்குக் கிடையாது.

இனி, நிலத்தோடு நேராகத் தொடர்புள்ளது. வேளாண்மை இளங்கலை இறுதி ஆண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு பழக வேண்டும் என்பது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டம் என்பது முழுப் பெயர். அலுவலகத்தில் 'ராவே' என்றுதான் சொல்வோம். 2015 ஜூலை 25 அன்று இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இதையும் வேறு சில பயிற்சிகளையும் சேர்த்து 'ஸ்டூடண்ட் ரெடி' என்ற பெயரில் தொடங்கியது. அப்போது உதவித்தொகை மாதம் 750 ரூபாயிலிருந்து 3,000 ரூபாயாக உயர்ந்தது, அதிகபட்சம் ஆறு மாதங்களுக்கு. விவசாயி இதற்கு விண்ணப்பிக்க முடியாது. கல்லூரி வட்டாரத்தைத் தேர்ந்தெடுக்கும், வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம் கிராமத்தையும் விவசாயிகளையும் காட்டிக் கொடுக்கும். உங்களால் முடிந்தது, அந்த அலுவலகத்துக்குப் போய் "எங்கள் நிலத்தையும் பட்டியலில் வையுங்கள், மாணவர்கள் வந்தால் வரவேற்போம்" என்று சொல்லி வைப்பது. நான் பணியில் இருந்த காலத்தில் அப்படி வந்து சொன்னவர்கள் மிகக் குறைவு. வந்தவர்களை நாங்கள் மறந்ததில்லை.

இந்த மாணவர்கள் வந்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். எட்டுப் பத்துப் பேர் குழுவாக வருவார்கள். மாரியம்மன் கோயில் வாசலில் கோலப்பொடியால் ஊரின் வரைபடம் போடுவார்கள்; ஏரி, கால்வாய், கிணறு, தெரு, யார் நிலம் எங்கே என்று ஊர்க்காரர்கள் சொல்லச் சொல்ல வரைவார்கள். விதை நேர்த்தி, மண் மாதிரி எடுத்தல் என்று செய்முறை காட்டுவார்கள். கையேட்டில் எழுதிக்கொள்வார்கள். உடலுழைப்பு அதில் சிறு பங்குதான். ஒருமுறை கணியம்பாடிப் பக்கம் ஒரு விவசாயி, வந்த பிள்ளைகளை ஐந்து நாளும் வேர்க்கடலை பிடுங்க வைத்துவிட்டார். எங்கள் பேச்சில் மல்லாட்டை. அவருக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. "சர்க்கார் அனுப்பிய ஆட்கள்தானே" என்றார். பிள்ளைகள் கல்லூரிக்கு எழுதிவிட்டார்கள். மறுவருடம் அந்த ஊருக்கு யாரும் வரவில்லை. பிடுங்கியது வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஐந்தாம் நாள் செய்ததை முதல் நாளே கற்றுக்கொண்டிருந்தார்கள், மீதி நான்கு நாளும் அவர்களுக்குக் கூலியில்லாத வேலை. குறை அங்கேதான்.

அதே மல்லாட்டையை வைத்து வேறொரு ஊரில் நடந்தது இன்னும் எனக்கு மறக்கவில்லை. மாணவி ஒருத்தி, சென்னையில் வளர்ந்தவள், விதைத்த தேதியை எண்ணி 105 நாள் ஆகிவிட்டது, நாளை பிடுங்கலாம் என்றாள். புத்தகப்படி சரிதான். நிலத்துக்காரப் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் கடலைக் கொல்லையின் நான்கு பக்கமும் நடுவிலும் சில செடிகளைப் பிடுங்கிக் காய்களை உடைத்து அவள் கையில் போட்டார். ஓட்டின் உட்புறம் பாதிக்கு மேல் இன்னும் வெள்ளையாக இருந்தது. "உள்ளே கறுக்கணும் அம்மா, அப்போதுதான் பருப்பு நிறைந்திருக்கும்" என்றார். மழை தள்ளிப் போன வருடம் அது. செடி தன் நாட்களைத் தானே நீட்டிக்கொண்டது. ஆறு நாள் காத்திருந்து பிடுங்கினார்கள். அந்தப் பெண் அன்றிலிருந்து பெரியவர் பின்னாலேயே நடந்தாள். சிறு நிலம் ஒரு மாணவருக்குக் கொடுக்கக்கூடியது இதுதான். பெரிய பண்ணையில் இயந்திரம் வரும் தேதிக்கு அறுவடை நடக்கும். இரண்டரை ஏக்கரில் ஒவ்வொரு முடிவும் செடியைப் பார்த்து எடுக்கப்படுகிறது, எடுப்பவரும் பக்கத்திலேயே நிற்கிறார்.

இன்னும் சில வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இத்தகைய நிலையங்கள் வழியாக 2015 முதல் 'ஆர்யா' என்ற திட்டம் நாட்டின் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் நடக்கிறது. 35 வயதுக்கு உட்பட்ட கிராமத்து இளைஞர்களுக்குக் காளான், தேனீ, கோழி வளர்ப்பு போன்ற தொழில்களைக் கற்றுக்கொடுத்துத் தொடங்கவும் உதவுகிறது. விவசாயிகளுக்குப் புதிய முறைகளைக் கொண்டுசேர்க்கும் 'ஆத்மா' என்ற அரசுத் திட்டத்தோடு சேர்ந்து கிராமப்புற இளைஞர்களுக்கு ஏழு நாள் திறன் பயிற்சி உண்டு. வேளாண் பட்டம் அல்லது பட்டயம் படித்தவர்களுக்கு 2002 முதல் வேளாண் மருந்தக, வணிக மைய (அக்ரி கிளினிக்) திட்டத்தில் 45 நாள் தங்கிப் பயிற்சி இலவசம்; பிறகு வங்கிக் கடனுக்கு மானியம் 36 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 44 சதவீதம். இவை எல்லாம் இளைஞருக்கானவை. உங்கள் அப்பாவுக்குப் பொருந்துவது ஆத்மாவின் பண்ணைப் பள்ளி. முன்னோடி விவசாயி ஒருவரின் வயலிலேயே, பயிரின் வளர்ச்சிக் கட்டங்களை ஒட்டி, ஊர் விவசாயிகளுக்கு வகுப்பு நடக்கும். 68 வயதில் ஒருவர் ஆசிரியராகத் தன் வரப்பில் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் வகுப்பில் தயங்கித் தயங்கிப் பேசியவர் மூன்றாம் வகுப்பில் அலுவலரையே திருத்துவார். உங்கள் வட்டாரத் தொழில்நுட்ப மேலாளரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

வெளிநாட்டில் சிறு பண்ணைக்கென்றே இப்படி ஏற்பாடு உண்டா என்று கேட்டால், உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2010இல் இரண்டு மாவட்டங்களில் ஒரு சோதனை முயற்சியைத் தொடங்கியது. ஆண்டு விற்பனை 2,50,000 டாலருக்குக் குறைவான பண்ணைகள் மட்டும் சேர முடிந்தது. ஆண்டுக்கு அதிகபட்சம் மூன்று பேர். என்னென்ன கற்றுத்தரப் போகிறோம் என்று பாடத்திட்டம் எழுதித் தொழிலாளர் துறையிடம் சான்று வாங்க வேண்டியிருந்தது. குறைந்தபட்சக் கூலி விதியிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். விபத்துக் காப்பீட்டிலிருந்து விலக்கு கொடுக்கவில்லை. ஜப்பான் வேறு வழியில் போனது. 2012 முதல், அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் விவசாயம் பழகும் இளைஞருக்கு ஆண்டுக்கு 15 லட்சம் யென் வரை, இரண்டு ஆண்டுகளுக்கு அரசே கொடுத்தது. பழகி முடித்தும் விவசாயத்தில் இறங்கவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். அமெரிக்க ஏற்பாட்டில் பண்ணைக்காரரின் சுமை குறைகிறது, ஜப்பானில் பழகுகிறவரின் சுமை குறைகிறது. நம் ஊருக்கு எது பொருந்தும் என்று கேட்டால் ஜப்பானிய வழி என்பேன். ஆண்டுக்கணக்கில் நிலமில்லாமல் கூலிக்குப் போனவர்கள் வாழும் ஊரில், கூலி விதிக்கு விலக்கு என்று ஒரு வாசலைத் திறந்தால் அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் வழி, திட்டத்துக்குக் காத்திராமல் நீங்களே ஒருவரை வைத்துக்கொள்வது. அதை நேர்மையாகச் செய்ய வேண்டும். என் மூன்று ஏக்கரில் நான் இதை இரண்டு முறை செய்தேன். முதல் முறை ஒரு பட்டயப் படிப்பு முடித்த பையன். சாப்பாடும் தங்க இடமும் கொடுத்தால் போதும், மீதியைக் கற்றுக்கொள்வதில் கழித்துக்கொள்வான் என்று நினைத்தேன். வரப்பு அண்டை வெட்டுவது, களை எடுப்பது, மாட்டுக்கு வைப்பது என்று நாள் முழுக்க வேலை வாங்கினேன். கற்றுக்கொடுக்க மாலையில் எனக்கும் தெம்பில்லை, கேட்க அவனுக்கும் தெம்பில்லை. ஐந்து வாரத்தில் போய்விட்டான். போனது அவன் தவறில்லை. இரண்டாம் முறை கணக்கைத் தெளிவாக வைத்தேன். காலை ஆறரை முதல் பத்தரை வரை வேலை, அதற்கு ஊரில் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே கூலி, வாரா வாரம். அதற்குப் பிறகான நேரம் அவனுடையது. மூன்று நாள் மாலை நானும் அவனும் கழனியைச் சுற்றுவோம். அரை ஏக்கர் முள்ளுக் கத்தரியை அவன் பொறுப்பில் விட்டேன். அணைக்கட்டு ஒன்றியத்தின் இலவம்பாடிக் கத்தரி அது, 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. எப்போது தண்ணீர், எப்போது பறிப்பு, எந்தச் சந்தைக்கு என்பதெல்லாம் அவன் முடிவு. இரண்டு முறை தவறான நாளில் பறித்து விலை விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நஷ்டத்தை நான் ஏற்றேன், கூலியில் கழிக்கவில்லை. சொல்லிக்கொடுத்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் பிடிபட்டிருக்காது.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு மாதம் என்று நாட்காட்டியை வைத்துப் பேசாதீர்கள். பயிர்ப் பட்டத்தை, அதாவது போகத்தை, வைத்துப் பேசுங்கள். நம் பக்கம் நெல்லுக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம். நவரைக்கு மார்கழியில் நாற்று விட்டால் சித்திரைக்குள் நெல் விற்று முடிந்துவிடும். விதை வாங்குவதிலிருந்து மூட்டையை எடை போடும் வரை ஒருவர் முழுதாகப் பார்க்க அது போதுமானது. நடவு முடிந்து வந்து கதிர் வரும்முன் போகிறவர் பாதிக் கதை கேட்டவர் மாதிரி. முக்கியமாக விற்பனை நாளன்று அவர் உடன் இருக்க வேண்டும். எடைக்காரரிடம் பேசுவது, ஈரப்பதம் என்று கழிக்கும்போது எங்கே விட்டுக்கொடுப்பது, எங்கே நிற்பது என்பதை எந்தக் கல்லூரியும் கற்றுத்தருவதில்லை.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். வருடத்துக்கு 20 ரூபாயில் பிரதமரின் விபத்துக் காப்பீடு இருக்கிறது. 18 முதல் 70 வயது வரை, இரண்டு லட்சம் ரூபாய்க்கு. பழக வருகிறவரின் வங்கிக் கணக்கில் முதல் நாளே போட வையுங்கள், அப்பாவுக்கும் சேர்த்து. மும்முனை மின்சாரம் இரவில் வந்தால் மோட்டார் போட அவரைத் தனியே அனுப்பாதீர்கள். ஸ்டார்ட்டர் பெட்டி பழையதா, கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். பூச்சிமருந்து அடிப்பதைப் பார்க்கட்டும், தொட வேண்டாம். பாம்பு கடித்தால் மந்திரம், பச்சிலை என்று யாரும் தாமதிக்கக் கூடாது, நேராக மருத்துவமனைதான் என்று வீட்டில் எல்லோரிடமும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றைப் பலர் பேசத் தயங்குவார்கள், நான் சொல்லியே ஆக வேண்டும். மாணவர்களுக்கு வீடு தேடிய காலத்தில் சம்பளம், சாப்பாடு பற்றி யாரும் முதலில் கேட்டதில்லை. "எந்தத் தெருப் பையன்?" என்றுதான் கேட்டார்கள். தனித் தட்டு, திண்ணை வரைக்கும்தான் என்று சொன்ன வீடுகளிலிருந்து பிள்ளைகளை நான் அழைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு வருகிறவர் நிலமே இல்லாத குடும்பத்திலிருந்து வரலாம். விவசாயம் கற்க உண்மையிலேயே ஆசைப்படுகிறவர்கள் பலர் அப்படித்தான் வருகிறார்கள். கூடத்தில் உட்கார்ந்து உங்கள் அப்பாவோடு சாப்பிட இடமிருந்தால் மட்டும் அழையுங்கள். அதை அப்பாவிடம் இப்போதே பேசுங்கள், வருகிறவர் வாசலில் வந்து நின்ற பிறகு அல்ல. பெண்ணாக இருந்தால் அம்மாவின் சம்மதமும், பூட்டக்கூடிய அறையும், கழிப்பறையும் வேண்டும்.

அப்பாவின் வேலை குறையுமா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு அனுபவத்திலிருந்து பதில்: முதல் இரண்டு மாதம் கூடும். சொல்லிக்கொடுப்பதும் ஒரு வேலை. மூன்றாம் மாதத்திலிருந்து கொஞ்சம் குறையும். ஆள் பற்றாக்குறைக்குத்தான் இதைத் தேடுகிறீர்கள் என்றால் வேண்டாம். நடவு இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பது அதைவிட மலிவு. வருகிறவர் பிறகு விவசாயத்தில் நிலைப்பாரா என்பது யாராலும் உறுதி சொல்ல முடியாதது. நான் பார்த்த மாணவர்களில் நிலத்துக்கே திரும்பியவர்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். வங்கி, உரக்கடை, அரசு வேலை என்று போனவர்களே அதிகம். என் கத்தரிப் பையன் இப்போது பேரணாம்பட்டு பக்கம் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். சென்னைப் பெண் ஒரு வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் இருக்கிறாள்; கடலைக்குக் கடன் கேட்டு வருகிறவர்களிடம் அவள் கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும் என்று நம்புகிறேன்.

அடுத்த முறை விடுப்பு எடுத்து ஊருக்கு வரும்போது, அலுவலகங்கள் திறந்திருக்கும் வேலைநாளாகப் பார்த்து வாருங்கள். வட்டார வேளாண்மை அலுவலகத்துக்குப் போய் மாணவர் தங்கல் பட்டியலையும் பண்ணைப் பள்ளியையும் கேளுங்கள். விரிஞ்சிபுரத்துக்கும் ஒருநாள் போய் அங்கே பயிற்சி முடித்த இளைஞர்களில் யாராவது ஒரு போகம் தங்க விரும்புகிறார்களா என்று விசாரியுங்கள். போகும்போது அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். எந்த ரகம், நாற்று விட்ட தேதி, கிணற்றில் இப்போது எத்தனை அடி தண்ணீர் என்று அலுவலர் கேட்பார். உங்களுக்குப் பதில் தெரியாது, அவருக்குத் தெரியும்.